புதுத்தோலுக்கு வந்த காவல்

சித்தப்பாவிடம் ஒரு கதை இருந்தது. குடும்பத்தில் நாலு பேர் கூடிவிட்டால் போதும், அதை எடுத்துவிடுவார். கதைக்கு உரியவள் பக்கத்திலேயே தட்டோடு நின்றாலும் அவருக்குக் கூச்சம் கிடையாது. நின்றால் இன்னும் வசதி, கையை நீட்டிக் காட்டலாம்.

கதை இதுதான். அவள் பள்ளிக்கூடம் போய்க்கொண்டிருந்த வயதில், ஒரு விசேஷ வீட்டில், சித்தப்பா தண்ணீர் கேட்டாராம். அவள் பேச்சு சுவாரசியத்தில் கவனிக்கவில்லையாம். "கூப்பிட்டது காதுல விழலையா?" என்று கேட்டுக்கொண்டே இடது காதுப் பக்கம் ஒரு தட்டு தட்டினாராம். அதற்குப் பிறகு உண்மையாகவே விழவில்லையாம். இந்த இடத்தில் எல்லாரும் சிரிக்க வேண்டும். சிரித்து ஓய்ந்ததும் கடைசி வரி வரும்.

"காது கெட்டுச்சு, ஆஸ்பத்திரிக்குப் போனா, அங்கேயே வேலைக்கும் சேந்துட்டா. அன்னிக்கு நான் மட்டும் தட்டலேன்னா இந்த ஒத்தக்காதுக்கு ஏது சோறு?"

தட்டினேன் என்றுதான் சொல்வார். அறைந்தேன் என்று ஒருநாளும் சொன்னதில்லை. கதவைத் தட்டுவார்கள், தோளைத் தட்டுவார்கள், அந்த வரிசையில் இதையும் சேர்த்துவிட்டார். அந்தத் தட்டில் அவளுடைய செவிப்பறை கிழிந்தது, சீழ் பிடித்தது, அது அவளைப் பள்ளிப் பருவம் முழுவதும் நாற்றமடிக்கும் பஞ்சோடு கடைசி பெஞ்சில் தனியாக உட்கார வைத்தது, முடிவில் காதுக்குப் பின்னாலிருக்கும் எலும்பைக் குடைந்து சுத்தம் செய்ய வேண்டியதாயிற்று. இதெல்லாம் கதையில் வராது. ஒத்தக்காது என்ற பெயர் மட்டும் நிலைத்துவிட்டது. கூப்பிடுகிறவர்களுக்கு அதில் செல்லம் தெரிந்தது. அவள் திரும்பிப் பார்த்துச் சிரித்து வைப்பாள். உள்ளே கறுவிக்கொண்டே இருந்தாள்.

காது ஆஸ்பத்திரியில் நர்ஸ் வேலை, அவளுக்கென்று ஓர் அறை. நடுவில் சாய்வுப் படுக்கை, மேலே கையை மடக்கிக்கொண்டு தொங்கும் நுண்ணோக்கி, ஓரத்தில் உறிஞ்சு குழாய் எந்திரம், தட்டில் வரிசையாகக் காதில் வைத்துப் பார்க்கும் கறுப்புப் புனல்கள். அறுவை முடிந்தவர்கள் அவளிடம்தான் வருவார்கள். எலும்பைக் குடைந்த காதில் நடுக்காதும் வெளிக்காதும் ஒன்றாகி ஒரு பெரிய பள்ளம் உண்டாகியிருக்கும். அந்த வெற்று எலும்பின்மேல் ஓரங்களிலிருந்து புதுத்தோல் ஊர்ந்து வந்து மூட வேண்டும். மூடிய பிறகும் அந்தத் தோலுக்கு அழுக்கை வெளியே தள்ளும் பழக்கம் கிடையாது. ஆகவே ஆயுள் முழுவதும் வந்து சுத்தம் செய்துகொள்ள வேண்டும். அவளிடம் ஒருமுறை தலையைக் கொடுத்தவர் பிறகு கொடுத்துக்கொண்டே இருக்க வேண்டியதுதான்.

அப்படிப்பட்ட இடத்துக்குச் சித்தப்பாவே வந்து சேர்ந்தார்.

யாரும் அடித்து வந்ததல்ல அவருடைய காது நோய். உள்ளே தோல் பை போலச் சுருண்டு வளர்ந்து எலும்பை அரித்துக்கொண்டிருந்தது. அதுவும் இடது காது. டாக்டரம்மா அறுவைக்கு முன்பு சீழை அடக்கலாமென்று மஞ்சள் களிம்பு ஒன்றைத் தடவச் சொன்னார். மறுநாளைக்கு மறுநாள் காது மடல் வீங்கிச் சிவந்து பழுத்துவிட்டது. சட்டைக் காலர் நனைய நீர் வடிந்தது. சித்தப்பா சொறியவும் முடியாமல் விடவும் முடியாமல் வராந்தாவில் குதித்ததை அவள் கண்குளிரப் பார்த்தாள். டாக்டரம்மா அப்போதே அறிவித்துவிட்டார்.

"இந்தக் களிம்பு இவருக்கு ஜென்மத்துக்கும் ஆகாது. இவர் இருக்கிற திசைக்கே கொண்டு வரக்கூடாது."

அவள் தலையை ஆட்டினாள். டியூபை எடுத்து அலமாரியில் கைக்கெட்டும் தட்டில் வைத்தாள்.

அறுவை நல்லபடியாக முடிந்தது. அந்தக் காதில் கேட்கும் சக்தி போய்விட்டது, மூளைக்குப் பரவி உயிருக்கு வரவிருந்த ஆபத்து நீங்கியது. வாரம் தவறாமல் சித்தியை அழைத்துக்கொண்டு வந்தார். சித்தி வராந்தா பெஞ்சில் அவருக்கு இடப்பக்கம் ஒட்டி உட்காருவாள். காலங்காலமாக அவளுடைய இடம் அதுதான். தலையை அவர் பக்கம் லேசாகச் சாய்த்து, அவர் வாயைத் திறக்குமுன்பே எழுந்துவிடுவாள். புருஷன்மேல் என்ன பயபக்தி என்று குடும்பமே மெச்சும். சித்தப்பாவின் கதைக்கு முதலில் சிரிப்பவளும் அவள்தான். அதற்காகச் சித்தியையும் இவள் மனதுக்குள் எதிரிகளின் பக்கத்தில் நிறுத்தி வைத்திருந்தாள்.

புதுத்தோல் பள்ளத்தில் முக்கால்வாசி பரவிய பிறகு ஒருநாள், சுத்தம் செய்து முடித்து, மருந்துத் திரியில் மஞ்சள் களிம்பைத் தடவி உள்ளே வைத்தாள். கை நடுங்கவில்லை. நடுங்காததை அவளே கவனித்தாள். வீட்டுக்குப் போய்க் காத்திருந்தாள். போன் வரும், சித்தி அழுவாள், ராத்திரியெல்லாம் தூங்கவில்லை என்பாள் என்று எதிர்பார்த்தாள்.

போன் வரவில்லை. அடுத்த வாரம் அவரே வந்தார். புனலை வைத்துப் பார்த்தால் உள்ளே காய்ந்து, வெளுத்து, பளபளவென்று இருந்தது தோல்.

"உன் கை ராசியான கைடி," என்றார். "பாத்தியா, அன்னிக்கு நான் தட்டின தட்டு வீண் போகல. இன்னிக்கு எனக்கே பலன் குடுக்குது."

வராந்தாவில் இருந்த மற்ற நோயாளிகளுக்கும் கதை சொல்லப்பட்டது. அவர்களும் சிரித்தார்கள். கதைக்குப் புதிதாக ஒரு வால் முளைத்துவிட்டது. அதை முளைக்க வைத்தவள் அவளேதான்.

களிம்பு ஏன் வேலை செய்யவில்லை என்பது டாக்டரம்மாவின் வாயிலிருந்தே தெரிய வந்தது. அவர் அப்போது ஓர் ஆராய்ச்சியில் இருந்தார். அறுவைக்குப் பிறகு பள்ளத்தில் வளரும் புதுத்தோல் பழைய தோலைப் போலவே காவல் காக்குமா என்பது அவருடைய கேள்வி. நோயாளிகளின் சம்மதத்தோடு அவ்வப்போது கடுகளவு தோலைக் கிள்ளி எடுப்பார். அதைப் புட்டியில் போட்டு அனுப்புவது அவளுடைய வேலை. சாயமேற்றித் திரும்பி வரும் கண்ணாடித் துண்டுகளை டாக்டரம்மா சாயங்காலங்களில் நுண்ணோக்கியில் பார்ப்பார். ஆர்வம் பொங்கினால் பக்கத்தில் இருப்பவர்களையும் கூப்பிட்டுக் காட்டுவார்.

"இது உங்க சித்தப்பாவோடது. பழுப்பா ஏதாவது தெரியுதா?"

எதுவும் தெரியவில்லை. வெளிறிய நீலம் மட்டும் இருந்தது.

"தெரியாது. ஏன்னா இல்ல. சாதாரணத் தோல்ல காவல் செல்கள் இருக்கும், கையையும் காலையும் பரப்பிக்கிட்டு. வெளியிலேர்ந்து ஆகாத பொருள் எது வந்தாலும் பிடிச்சுக் கொண்டுபோய்ப் படைகிட்ட அடையாளம் காட்டும். படைக்கு ஒருதடவை பார்த்த முகம் மறக்காது. ஆனா காட்டிக்குடுக்க ஆள் வேணுமில்ல? புதுத்தோல் வெறும் சுவர் மாதிரி. இன்னும் யாரும் குடி வரல."

"வருவாங்களா டாக்டர்?"

"வரணும். ரத்தத்திலேர்ந்து ஒவ்வொண்ணா வரும். எப்போங்கிறதுதான் என் கேள்வியே."

அன்றிலிருந்து அது அவளுடைய கேள்வியும் ஆனது. கண்ணாடித் துண்டுகள் வரும் நாளில் டாக்டரம்மாவுக்கு முன்பே நுண்ணோக்கி அறையில் போய் நின்றாள். நர்ஸ் ஒருத்திக்கு இவ்வளவு அக்கறையா என்று டாக்டரம்மா பூரித்துப் போனார். மேற்கொண்டு படிக்கிறாயா, நான் எழுதித் தருகிறேன் என்றுகூடக் கேட்டார். அவள் அடக்கமாகச் சிரித்தாள். அவள் கேட்ட வரம் வேறு.

நடுவில் டாக்டரம்மாவுக்கு ஒரு பழைய காது தேவைப்பட்டது. பல வருடங்களுக்கு முன்பு ஆறிய பள்ளத்தில் என்ன இருக்கிறது என்று ஒப்பிட வேண்டுமாம். இவள் தன் இடது காதைக் கொடுத்தாள். துண்டு திரும்பி வந்தபோது குனிந்து பார்த்தாள். தன் தோலைத் தானே அவ்வளவு கிட்டத்தில் பார்ப்பது அதுதான் முதல்முறை. நீலத்துக்கு நடுவே பழுப்பு நட்சத்திரங்கள் வரிசை கட்டி நின்றன. ஒன்றின் கை இன்னொன்றைத் தொடுமளவுக்கு நீண்டிருந்தது.

"இத்தனை வருஷம் கழிச்சும் நிக்கிறாங்களே," என்றாள்.

"அதுக்குத்தானே இருக்காங்க," என்றார் டாக்டரம்மா. காது காய்ந்து நலமாக இருப்பதாகவும், காவல் தன் இடத்தில் ஒழுங்காக இருந்தால் தோலுக்கு நல்லதுதான் என்றும் விளக்கினார். அந்த விளக்கத்தை அவள் காதில் போட்டுக்கொள்ளவில்லை. நிற்கிறார்கள் என்பது மட்டும் போதுமாக இருந்தது.

பருவம் மாறிற்று. சித்தப்பாவின் வருகை மாதம் ஒருமுறையாகக் குறைந்தது. கதை மட்டும் குறையவில்லை. அவர் தோலிலிருந்து வந்த ஒவ்வொரு துண்டிலும் ஒன்றிரண்டு பழுப்புப் புள்ளிகள் எட்டிப் பார்த்தன. முதலில் ஓரத்தில், பிறகு உள்ளே. ஒருநாள் டாக்டரம்மா நாற்காலியிலிருந்து எழுந்து அவளுக்கு இடம்விட்டார்.

"வந்துட்டாங்க பாரு."

வந்திருந்தார்கள். தோலின் அடிமுதல் நுனிவரை கைகளை விரித்துக்கொண்டு நின்றார்கள். அவளுக்கு அவர்களைக் கட்டிக்கொள்ள வேண்டும் போலிருந்தது.

அடுத்த மாத வருகைக்கு எல்லாவற்றையும் ஆயத்தமாக வைத்தாள். உடம்புச் சூட்டுக்கு வெதுவெதுப்பாக்கிய தண்ணீர், உறிஞ்சு குழாய், திரி, மஞ்சள் டியூப். சித்தப்பா படுத்து, கேட்கும் காதைத் தலையணையில் அழுத்தி, கேட்காத காதை மேலே காட்டினார். சித்தியை வழக்கம்போல வராந்தாவில் இருக்கச் சொல்லியிருந்தாள். பள்ளத்தைச் சுத்தம் செய்தாள், எந்திரத்தை நிறுத்தினாள். அறை அமைதியானது. அப்போது அவளுக்குப் பேச வேண்டும் போலிருந்தது. இத்தனை காலம் ஒருமுறைகூடச் சொல்லாததை அந்தச் செத்த காதுக்குள் சொன்னால் என்ன? கேட்கவா போகிறது? குனிந்து, நிதானமாக, கோர்வையாகச் சொன்னாள்.

"சித்தப்பா, நீங்க தட்டல. அறைஞ்சீங்க. பஞ்சு எத்தனை தடவை மாத்தினாலும் நாத்தம் போகாது. பக்கத்துல ஒருத்தி உக்கார மாட்டா. அதையெல்லாம் நீங்க சிரிப்பாக்கினீங்க. முன்னாடி ஒருதடவை இந்தக் களிம்பை வச்சேன், உங்க தோலுக்கு ஞாபகம் வரல. இப்போ வந்திருச்சு. இன்னிக்கு மறுபடி வைக்கப் போறேன். எரியணும். தூக்கம் வராம எரியணும்."

சொல்லி முடித்து நிமிர்ந்தபோது எவர்சில்வர் தட்டில் ஒரு நிழல் அசைந்தது.

அவளுடைய இடப்பக்கம் நின்றிருந்தாள் சித்தி. கையில் சித்தப்பாவின் தோள்துண்டு. மறந்து வெளியே விட்டுவிட்டதைக் கொடுக்க வந்திருக்கிறாள். கதவு திறந்ததும் காலடி கேட்டதும் வேறு யாருக்காவது தெரிந்திருக்கும். இவளுக்குக் கேட்காத பக்கத்திலிருந்து அல்லவா வந்துவிட்டாள்? காதும் காதும் வைத்தாற்போல முடிய வேண்டிய காரியத்தைக் கேட்கக்கூடாதவள் முழுக்கக் கேட்டுவிட்டாள்.

வேலை போயிற்று என்று நினைத்தாள். உடனே இன்னொன்றும் நினைத்தாள். போனால் போகட்டும். அவர் போட்ட சோறுதானே இது, அவரே தின்னட்டும்.

சித்தி கூச்சல் போடவில்லை. கதவை மெதுவாகச் சாத்திவிட்டு, சுற்றி வந்து, அவளுடைய வலப்பக்கம் நின்றாள். சித்தப்பாவின் முதுகைப் பார்த்தபடியே சொன்னாள்.

"போடு."

அவளுக்கு நல்ல காதிலும் சந்தேகம் வந்துவிட்டது. "என்ன சித்தி?"

சித்தி தன்னுடைய இடது காதைத் தொட்டுக் காட்டினாள். "எனக்கும் இந்தப் பக்கம்தான். கல்யாணமான புதுசு. உன்னைத் தட்டினதுக்கு ரொம்ப முன்னாடி. ஆஸ்பத்திரிக்கெல்லாம் யாரு கூட்டிட்டுப் போனா? சீழ் தானா வத்திப்போச்சு, காதும் போச்சு. அவர் சொல்றது கேக்கணுமேன்னு எப்பவும் அந்தப் பக்கமா உக்காந்துக்குவேன், நல்ல காது அவர் பக்கம் இருக்கிற மாதிரி."

பெஞ்சில் சித்தி தலை சாய்த்து உட்காரும் விதம் அவளுக்கு அப்போதுதான் விளங்கிற்று. குடும்பமே பயபக்தி என்று மெச்சிய சாய்வு. காது நோயோடு வந்து போகிறவர்களை ஆயிரக்கணக்கில் பார்த்தவள், இதைப் பார்க்கத் தவறிவிட்டாள்.

"அந்தக் கதைக்கு நீங்கதானே சித்தி முதல்ல சிரிப்பீங்க?"

"சிரிக்கலேன்னா வீட்டுக்குப் போய் என்ன ஆகும்னு எனக்குத்தானே தெரியும்."

படுக்கையிலிருந்து சித்தப்பா குரல் கொடுத்தார். இன்னும் எவ்வளவு நேரம், கழுத்து வலிக்கிறது என்றார். அவள் மஞ்சள் டியூபைத் திறந்து திரியில் தடவினாள். இடுக்கியில் பிடித்துப் பள்ளத்தின் வாயருகே கொண்டுபோனாள். அங்கே நிறுத்தினாள். பிறகு இடுக்கியைச் சித்தியின் பக்கம் நீட்டினாள்.

சித்தி துண்டைத் தோளில் போட்டுக்கொண்டு இடுக்கியை வாங்கினாள். அவள் கை நடுங்கியது. இவள் அந்தக் கையின்மேல் தன் கையை வைத்து, எங்கே, எவ்வளவு ஆழம் என்று வழிகாட்டினாள். திரி தோலின்மேல் படிந்தது.

"என்னடி, இன்னிக்குக் கை நடுங்குது?" என்றார் சித்தப்பா.

அவள் குனிந்து, தலையணைப் பக்கமாக அவருடைய நல்ல காதுக்குச் சொன்னாள். "குளிருது சித்தப்பா."

மறுநாளைக்கு மறுநாள் காலையில் ஆஸ்பத்திரி திறக்குமுன்பே வாசலில் நின்றார்கள். காது மடல் முன்புபோலவே வீங்கித் தொங்கியது. நீர் கழுத்து வழியாக இறங்கிக்கொண்டிருந்தது. ராத்திரி முழுவதும் அம்மா அம்மா என்று கத்தியதாகச் சித்தி சொன்னாள். சொல்லும்போது முகத்தில் ஒன்றும் இல்லை. டாக்டரம்மா புனலை வைத்துப் பார்த்த உடனே நிமிர்ந்தார்.

"யார் அந்தக் களிம்பைப் போட்டது?"

அவள் வாயைத் திறந்தாள். என்ன சொல்லப்போகிறோம் என்று அவளுக்கே தெரியாது. அதற்குள் சித்தி முந்திக்கொண்டாள்.

"நான்தான் டாக்டர். இந்தக் கையாலதான் வச்சேன்."

சித்தப்பா விருட்டென்று திரும்பினார். வலது கை தானாக மேலே எழுந்தது. திரும்பிய வேகத்தில் அழன்றிருந்த காது தலையைச் சுழற்றிவிட்டது. அறையே ஒரு சுற்றுச் சுற்றியிருக்க வேண்டும். எழுந்த கை நாற்காலியின் பிடியைத் தேடிப் பற்றிக்கொண்டது. பற்றிய பிடியை விட முடியவில்லை.

"அவருக்கு ஆகாதுன்னு உங்க முன்னாடிதானே சொன்னேன்?" என்றார் டாக்டரம்மா.

"சொல்லியிருப்பீங்க. எனக்கு இடது காது கேக்காது. அந்தப் பக்கமா விழுந்திருக்கும்."

"எப்படி? பிறவியிலேயா?"

சித்தியின் பார்வை நாற்காலிப் பிடிக்குப் போயிற்று. டாக்டரம்மா சித்தியைப் பார்த்தார், பிறகு நாற்காலியைப் பிடித்திருந்த வலது கையைப் பார்த்தார், கடைசியாகத் தன் நர்ஸின் இடது காதைப் பார்த்தார். வலது கைக்காரர்கள் அறைந்தால் எந்தக் காது கிழியும் என்பதை அந்த ஆஸ்பத்திரியில் யாரும் அவருக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை.

அவள் இவ்வளவு காலம் காத்திருந்த இடம் வந்துவிட்டது. சித்தப்பாவின் வலப்பக்கம் போய் நின்று, அவருக்கு நன்றாகக் கேட்கும்படி சொன்னாள்.

"சித்தப்பா, டாக்டர்கிட்ட அந்தக் கதையைச் சொல்லுங்களேன். தண்ணி கேட்டீங்களே, தட்டினீங்களே, அந்தக் கதை. வராந்தாவுக்கே சொன்னீங்க, டாக்டருக்குச் சொல்லலையே."

சித்தப்பா டாக்டரம்மாவின் முகத்தைப் பார்த்தார். அந்த முகத்தில் சிரிப்பதற்கான அறிகுறியே இல்லை.

"என்ன கதை? எனக்கு எதுவும் ஞாபகமில்ல."

"பரவாயில்ல சித்தப்பா. உங்க தோலுக்கு இருக்கு."

டாக்டரம்மா வேறொரு மருந்தைச் சொல்லி, அதைத் தானே எடுத்து வைத்தார். கை கழுவும்போது, திரும்பிப் பார்க்காமலே, இனி அந்த மஞ்சள் டியூப் தன் மேசை இழுப்பறையில் இருக்கட்டும் என்றார். சாவியைத் தன்னிடமே வைத்துக்கொள்வதாகவும் சொன்னார். படிப்புக்கு எழுதித் தருவதைப் பற்றிப் பேச்சு இல்லை. அன்று மட்டுமல்ல, பிறகும் அந்தப் பேச்சை அவர் எடுக்கவில்லை. அவள் அதற்கு வருந்தவில்லை என்று சொல்ல முடியாது. ஆனால் டியூபை மறுபடி கையில் கொடுத்தாலும் அதையேதான் செய்திருப்பாள்.

"நீங்க வெளியில உக்காருங்க," என்று டாக்டரம்மா சித்தப்பாவிடம் சொன்னார். சித்தியைப் பார்த்து, "நீங்க ஏறிப் படுங்கம்மா," என்றார்.

சித்தி தயங்கினாள். யாரும் அவளை இதுவரை அப்படி ஒரு படுக்கையில் ஏறச் சொன்னதில்லை. ஏறிப் படுத்து, கேட்கும் காதைத் தலையணையில் வைத்து, கேட்காத காதை மேலே திருப்பினாள். இவள் நுண்ணோக்கியை இழுத்து, எந்தச் சின்னப் புனல் பொருந்தும் என்று தேடி எடுத்தாள்.

வராந்தாவிலிருந்து சித்தப்பா சித்தியைக் கூப்பிட்டார். தண்ணீர் வேண்டுமாம். மறுபடியும் கூப்பிட்டார், இந்தத் தடவை இன்னும் உரக்க.

சித்தியின் காதில் விழவில்லை. அவளுக்கு விழுந்தது. புனலைச் சித்தியின் காதில் மெல்ல வைத்து, விளக்கைச் சரிசெய்து, உள்ளே பார்க்கத் தொடங்கினாள்.